இரண்டு வரிசையும் சேருமிடம்

ரோலர் கோஸ்டருக்கான சாதா வரிசை வெளியே நன்றாகத்தான் நகர்ந்தது. உள்ளே போய், படியேறி, வண்டி கிளம்பும் சத்தம் காதில் விழும் தூரத்துக்கு வந்த பிறகுதான் நின்றுபோனது. முன்னுரிமைச் சீட்டு வாங்கியவர்களின் வரிசை அங்கேதான் நம் வரிசையோடு சேர்கிறது. நடுவில் சங்கிலியைப் பிடித்தபடி ஓர் இளம் ஊழியர். அந்தப் பக்கம் பத்துப் பன்னிரண்டு பேரை விடுவார். அப்புறம் நம் பக்கம் திரும்பி, "எத்தனை பேர்?" என்று கேட்டு நான்கு பேரை விட்டுவிட்டு, மறுபடி சங்கிலியை மாட்டிவிடுவார். எனக்குப் பின்னால் நின்றவர் ஒவ்வொரு தலையையும் வாய்விட்டே எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்தப் பையனைத் திட்டிப் பயனில்லை. மணிக்கு 1,200 பேரை ஏற்றும் ரைடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு முன்னால் 400 பேர் என்றால் 20 நிமிடத்தில் ஏறிவிடலாம். மூன்றில் இரண்டு இருக்கை முன்னுரிமைக்குப் போனால், அதே 400 பேருக்கு ஒரு மணி நேரம் ஆகும். எத்தனை சீட்டு விற்றாலும் வண்டியில் இருக்கை கூடப்போவதில்லையே! வரிசையின் நீளத்தை மட்டும் பார்த்து நேரத்தைக் கணிக்க முடியாது.

அமெரிக்காவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டு 1999இல் ஃபாஸ்ட்பாஸ் என்ற முன்னுரிமைச் சீட்டைக் கொண்டுவந்தபோது அது இலவசம். திரும்பி வரவேண்டிய நேரத்தை அச்சடித்து இயந்திரமே ஒரு சீட்டைத் தரும். அதற்குப் பதிலாக 2021இல் வந்த லைட்னிங் லேனுக்குக் காசு. காசு கொடுத்தவர் காத்திருக்கச் சம்மதிப்பாரா?

நாங்கள் போன பூங்காவில் ரைடு நடுவில் பழுதாகி நின்றது வேறு. மறுபடி ஓடத் தொடங்கியதும், நின்றிருந்த நேரத்துக்குச் சீட்டு வைத்திருந்தவர்களும் அடுத்த நேரத்துக்காரர்களும் சேர்ந்து வந்துவிட்டார்கள். வாசல் பலகையோ காத்திருக்கும் நேரம் 45 நிமிடம் என்றே கடைசிவரை காட்டியதாம். எனக்கு எரிச்சல் அதில்தான். வெகுநேரம் நிற்க முடியாதவர்களுக்குத் தனி வழி கட்டாயம் வேண்டும். விற்கிற சீட்டு மட்டும் பாதி இருக்கையைத் தாண்டக் கூடாது, பழுதுக்குப் பிறகு பலகையையும் உடனே திருத்த வேண்டும்.

அடுத்த ரைடில் சிங்கிள் ரைடர் வரிசை இருந்தது. மூன்று பேராக வருகிறவர்கள் நான்கு இருக்கையில் உட்காரும்போது மிஞ்சும் ஒன்றை நிரப்பத்தான் அது. சேர்ந்து உட்கார முடியாது, அவ்வளவுதான். என்னோடு வந்தவர் முன் வண்டியில், நான் பின் வண்டியில். சாதா வரிசையில் எங்களோடு வந்து சேர்ந்த குடும்பம் இன்னும் பாதிப் படிகூட ஏறியிருக்கவில்லை.