23ஆம் போர்ட்டில் சிவப்பு டேப்

பொள்ளாச்சி பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில். அதன் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை, நான் இருப்பதோ கோவையில். 3 வாரமாக ஒரே புகார். காலை 11 மணி ஆனால் பில்லிங் சாஃப்ட்வேர் அப்படியே நின்றுவிடுகிறது. அக்கவுண்ட்ஸ் அக்கா போன் செய்தால் எடுத்ததுமே "நெட்வொர்க் ஸ்லோங்க" என்பார். சாஃப்ட்வேர் போட்டுக்கொடுத்தவர்களும் அதையே திருப்பிச் சொன்னார்கள். பிங் போட்டால், அதாவது பில்லிங் ஓடும் சர்வரை 'இருக்கிறாயா' என்று தட்டிக் கேட்டால், பதில் ஒரு மில்லிசெகண்டுக்குள் வருகிறது. ஆனால் பிங்கைக் காட்டி இதுவரை நான் யார் வாயையும் அடைத்ததில்லை.

கம்பியில் என்ன ஓடுகிறது என்று பார்த்தே ஆகவேண்டும். கம்ப்யூட்டர்களை இணைக்க ஹப் என்ற பெட்டி இருந்த காலத்தில் இது சுலபம். ஒரு துளையில் வந்ததை அது எல்லாத் துளையிலும் கத்தும். லேப்டாப்பைச் செருகி வயர்ஷார்க்கைத் திறந்தால் (கம்பியில் ஓடுவதைப் பிடித்துக் காட்டும் சாஃப்ட்வேர், 2006 வரை அதற்கு ஈத்தரியல் என்று பெயர்) ஊர்க்கதை முழுக்கக் காதில் விழும். இப்போது அந்த இடத்தில் இருக்கும் சுவிட்ச் அப்படி இல்லை. எந்த மேக் முகவரி (ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் உள்ள அடையாள எண்) எந்தப் போர்ட்டில், அதாவது எந்தத் துளையில், இருக்கிறது என்று கற்றுக்கொண்டு, அங்கே மட்டும் அனுப்பும். பக்கத்துப் போர்ட்டில் லேப்டாப்பைச் செருகி உட்கார்ந்தால் எல்லாருக்கும் பொதுவாகப் போகும் பிராட்காஸ்ட் இரைச்சல்தான் மிச்சம். அதற்காகத்தான் போர்ட் மிரரிங், சிஸ்கோ பழகியவர்கள் வாயில் ஸ்பான். ஒரு போர்ட்டில் போவதையும் வருவதையும் நகலெடுத்து இன்னொரு போர்ட்டில் கொட்டு என்று சுவிட்சிடமே சொல்லிவிடுவது.

சர்வரிலேயே வயர்ஷார்க் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். சாஃப்ட்வேர்காரர்கள் அந்த மெஷினைத் தொடவிடவில்லை. விட்டிருந்தாலும் நான் வெளியிலிருந்துதான் பார்த்திருப்பேன். சந்தேகம் யார் மேலோ, அவரையே சாட்சி சொல்லச் சொல்வதா?

சர்வர் 5ஆம் போர்ட்டில். 23 காலி. சுவிட்சுக்கு அடிக்கவேண்டிய வரி இரண்டே இரண்டு. மானிட்டர் செஷன் 1, சோர்ஸ் 5, அதே செஷனுக்கு டெஸ்டினேஷன் 23. முந்தின நாள் ராத்திரி ஒன்பதரைக்கு வீட்டில் இருந்தபடியே அடித்தேன். 23 என்று அடிக்கவேண்டிய இடத்தில் 24.

24 அப்லிங்க், வெளியிலிருந்து நான் உள்ளே வரும் வழி.

டெஸ்டினேஷன் ஆன போர்ட் அதற்குமேல் சாதாரண போர்ட் இல்லை. வழக்கமான போக்குவரத்து அங்கே நின்றுவிடும், நகல் மட்டுமே வெளியே போகும். என்டர் தட்டிய நொடியில் என் ஸ்கிரீன் உறைந்தது. நான் உட்கார்ந்திருந்த கிளையை நானே வெட்டியாயிற்று, 40 கிலோமீட்டர் தள்ளியிருந்து. ஒரே ஆறுதல், மாற்றிய கான்ஃபிகை இன்னும் சேமிக்கவில்லை, அணைத்துப் போட்டால் பழையதே திரும்பிவரும். வாட்ச்மேன் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, ஆபீஸ் ரூம்ல கண்ணாடிக் கதவு போட்ட பொட்டி இருக்குதுங்களே, அதுல மேல இருக்கறதோட கரண்ட் வயரப் புடுங்கி, பத்து எண்ணிட்டுத் திரும்பச் சொருகுங்க."

"ஏனுங் தம்பி, நாளைக்கு ஆராச்சும் கேட்டா நாந்தான் புடுங்குனேன்னு சொல்லோணுமா?"

புடுங்கினார். சுவிட்ச் பழைய கான்ஃபிகோடு எழுந்துவந்தது. அன்றிலிருந்து டெஸ்டினேஷன் வரி அடிக்கும்போது எண்ணை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் என்டர்.

மறுநாள் நேரிலேயே போனேன். 23இன் நிலையைப் பார்த்தால், டவுன், மானிட்டரிங் என்று காட்டும். முதல்முறை பார்ப்பவர்கள் பதறுவார்கள், அது அப்படித்தான் காட்டும். லேப்டாப்புக்கு ஐபி எதுவும் கிடைக்காது, அதுவும் சரிதான். கம்பியில் துண்டு துண்டாக ஓடும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் முதல் 96 பைட் மட்டும் பிடிக்கச் சொன்னேன். ஈத்தர்நெட் தலைப்புக்கு 14, ஐபிக்கு 20, டிசிபிக்கு அதிகபட்சம் 60, கூட்டினால் 94. எனக்குத் தேவை உறையின் மேல் எழுதியிருப்பது. உள்ளே யாருடைய சம்பளக் கணக்கு இருக்கிறது என்பதோ, யாருடைய பாஸ்வேர்ட் மறைக்காமல் ஓடுகிறது என்பதோ என் வேலை இல்லை. முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் இதையும் தொடங்கினேன்.

11 மணி. கேப்சரைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. திரை முழுக்கக் கறுப்பு வரிகள், முந்தைய செக்மென்ட் (பாக்கெட்டுக்குள் போகும் டிசிபி துண்டு) பிடிபடவில்லை என்று. அப்படியானால் பாக்கெட் தொலைகிறது, அக்கா சொன்னது சரி, தப்பு என் பக்கம்தான். டீ கூட இறங்கவில்லை.

அரைமணி கழித்துத்தான் இன்னொரு வகை வரி கண்ணில் பட்டது. பார்க்காத செக்மென்ட்டுக்கு ஏசிகே, அதாவது வாங்கிக்கொண்டதற்கான ஒப்புகை, வந்திருக்கிறது. நிதானமாக யோசித்தால் விஷயம் இதுதான். வாங்கவேண்டியவன் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டான், நான்தான் பார்க்கவில்லை. நிஜமாகவே தொலைந்திருந்தால் அதே செக்மென்ட் திரும்ப அனுப்பப்பட்டிருக்கும். அப்படி எதுவும் இல்லை. ஆக, பாக்கெட் கம்பியில் தொலையவில்லை, நகலில்தான் தொலைந்திருக்கிறது.

லேப்டாப்பில் லான் ஓட்டை கிடையாது. பையில் கிடந்த பழைய யுஎஸ்பி அடாப்டரைச் செருகியிருந்தேன். அது 100 எம்பிபிஎஸ். சர்வரின் போர்ட் 1 ஜிபிபிஎஸ், அதுவும் போகிற வழிக்குத் தனி, வருகிற வழிக்குத் தனி. இரண்டையும் சேர்த்து ஒரே வழியில் வெளியே தள்ளவேண்டும். குழாய் கொள்ளாததைச் சுவிட்ச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும், மில் வேலைக்கு அதனால் ஒரு பாதிப்பும் இருக்காது. 23இல் கீழே போட்டதை எண்ணும் அவுட்புட் டிராப் கவுண்டரைப் பார்த்தேன், ஏறிக்கொண்டே இருந்தது. ஜிகாபிட் அடாப்டர் போட்டாலும் கணக்குப்படி 2 ஜிபிபிஎஸ் 1இல் அடங்காதுதான், ஆனால் இந்த மில்லில் அவ்வளவு ஓட்டமில்லை. ஓட்டம் அதிகமுள்ள இடத்தில் கம்பிக்கு நடுவில் டேப் (tap) என்ற, ஓடுவதை நகலெடுத்துத் தரும் கருவியை வைத்துவிடுவார்கள், இங்கே அதற்குக் காசு யார் கொடுப்பது?

அடுத்த நாள் நல்ல அடாப்டரோடு போனேன். கறுப்பு வரிகள் அநேகமாக மறைந்தன. மிச்சமிருந்த படம் தெளிவு. பில்லிங் மெஷினிலிருந்து கேள்வி போகிறது. ஒரு மில்லிசெகண்டுக்குள் சர்வர் 'வந்துசேர்ந்தது' என்று ஏசிகே அனுப்புகிறது. பிறகு அமைதி. 9 நொடி, ஒருமுறை 14 நொடி. அப்புறம்தான் பதில். கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு சர்வர்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஸ்கிரீன்ஷாட் போனதும் சாஃப்ட்வேர்காரர்களிடமிருந்து ஒரு நாள் பேச்சில்லை. பிறகு சொன்னார்கள், தினமும் 11 மணிக்கு முதலாளியின் போனுக்கு ஸ்டாக் ரிப்போர்ட் ஒன்று ஓடுகிறதாம். காலை 6க்கு மாற்றினார்கள். அக்கவுண்ட்ஸ் அக்காவிடமிருந்து போன் நின்றது. அது போதும் எனக்கு.

வேலை முடிந்ததும் செஷனை எடுத்திருக்கவேண்டும். அடுத்த முறைக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, 23ஆம் துளைமேல் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி வந்தேன். போன வாரம் யாரோ டேப்பைக் கிழித்து அதில் புதுப் பிரிண்டரைச் செருகிவிட்டார்கள். அக்கா மறுபடி போனில் வந்தார்.

"நெட்வொர்க்கே வரலீங்க."