பழைய ஜீப்பின் பெடலில் கால் வழுக்காமல் இருக்க

என்னிடம் இருப்பது அமெரிக்க ஜீப் நிறுவனமான வில்லிஸின் உரிமத்தின் பேரில் மகிந்திரா தயாரித்த சிஜே-3பி ஜீப். 1953-இல் அமெரிக்காவில் அறிமுகமான, பானெட் உயர்ந்த அந்த வண்டிதான் பின்னாளில் நம் மலைத்தோட்டங்களின் வண்டியாகவும் ஆயிற்று. போடியிலிருந்து போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பாதையில் அதன் வழிவந்த ஜீப்புகளை இன்றும் பார்க்கலாம். இந்த வண்டிகளை வைத்திருப்பவர்கள் எஞ்சினுக்கும் டயருக்கும் தாராளமாகச் செலவழிக்கிறார்கள். பெடலை மட்டும் யாரும் குனிந்து பார்ப்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

இதன் கிளட்ச், பிரேக் பெடல்கள் இன்றைய கார்களில் உள்ளவைபோல் மேலிருந்து தொங்குபவை அல்ல. தரைக்கு அடியில் ஒரே தண்டில் இயங்கி, தரைத்தகட்டின் துளைகள் வழியே மேலே வருபவை. பாதம் படுவதோ உள்ளங்கை அளவுகூட இல்லாத இரும்புத் தட்டு. மிதிக்கும் பலத்தைக் கூட்டித்தரும் பூஸ்டர் பிரேக்குக்குக் கிடையாது, நான்கு சக்கரத்திலும் டிரம்தான். ஓடையைக் கடந்து கரையேறியதும் நனைந்த லைனிங் பிடிக்காது. அதைக் காயவைக்க ஓட்டத்திலேயே பலமுறை மிதித்து விட வேண்டும். கியர் பற்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் சிங்க்ரோ முதல் கியருக்கு இல்லாததால், ஓடும்போது அதற்கு இறங்க கிளட்சை இரண்டு முறை மிதிக்க வேண்டும். ஆக, செருப்பின் அடியில் சேறு அப்பியிருக்கும் அதே நேரத்தில்தான் காலுக்கு வேலையும் கூடுகிறது. வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ ரேஞ்சில், முதல் கியரில் நிற்கும்போது கிளட்சிலிருந்து கால் நழுவினால் வண்டி ஒரே தாவாகத் தாவும். முன்னால் ஆள் நின்று வழி காட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ரப்பர் வாங்கக் கடைக்குப் போகும் முன் பெடலைக் கையால் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டிப் பாருங்கள். அடியிலுள்ள தண்டும், அது சுழலும் உருளையான புஷ்ஷும் தேய்ந்திருந்தால், அழுத்தும்போது தட்டு ஒரு பக்கம் சாய்ந்து பாதத்தை வெளியே தள்ளிவிடும். அதன் மேல் எந்த ரப்பரைப் போட்டாலும் பயனில்லை. லேத் பட்டறையில் புது புஷ் கடைந்து போட்டு, கிரீஸ் நிப்பிளில் ஒழுங்காக கிரீஸ் அடித்தாலே பாதி வழுக்கல் போய்விடும். பிரேக் ஆயிலையும் கவனியுங்கள். மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே இருப்பதால், ஆயில் ஊற்றும்போது சிந்துவது தரையில் பரவி, செருப்பில் ஒட்டிப் பெடலுக்கு வந்து சேர்கிறது.

எளிய வழி, பட்டையான குறுக்கு வரிகள் கொண்ட புது ரப்பர் உறை. வெந்நீரில் ஊறவைத்தால் இளகித் தட்டின் விளிம்பைச் சுற்றி ஏறும். எண்ணெய் தடவி ஏற்றாதீர்கள். அது உள்ளேயே தங்கி, உறையைத் தட்டின் மேல் சுழல விடும். மலை ஓட்டுநர்கள் பலர் பழைய லாரி டயரின் துண்டைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து அளவாக வெட்டி, கம்பியால் கட்டிக்கொள்கிறார்கள். டயர் ரப்பர் நன்றாகவே பிடிக்கும், கம்பிதான் ஆகாது. முனை நிமிர்ந்து காலைக் கிழிக்கும், அறுந்தால் துண்டு பெடலுக்கு அடியில் போய்ச் சிக்கும். தலை உள்ளே பதியும் திருகாணி இரண்டு போட்டு முடுக்குவது நல்லது.

சேற்றிலேயே வாழும் வண்டிக்கு நான் பரிந்துரைப்பது வெல்டிங்தான். தட்டை அதன் காம்போடு கழற்றி, பட்டறை மேசையில் வைத்து, மேற்பரப்பில் குறுக்காக நான்கைந்து வெல்டிங் வரிகளை இடைவெளி விட்டு இழுக்கச் சொல்லுங்கள். வரி மூன்று மில்லிமீட்டர் உயரம் இருந்தால் போதும். இடைவெளியில் சேறு பிதுங்கி வெளியேறும், மேடு செருப்பைக் கவ்வும். கூர் முனைகளை அரத்தால் மழுக்கிவிட வேண்டும், மேலே பெயின்ட் அடிக்கக் கூடாது. வெறுங்காலில் ஓட்டுபவர்களுக்கு இது ஒத்துவராது. ஏலத்தோட்ட ஓட்டுநர்களில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுபவர்கள் உண்டு, அவர்களுக்கு ரப்பரே சரி. ஹவாய் செருப்போடு ஓட்டுபவர்களுக்கு நான் சொல்வது, இரண்டில் ஒன்றைக் கழற்றுங்கள், செருப்பையோ சாவியையோ.

உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் பளபளப்பான அலுமினியம் பெடல் கவர்களைத் தொடவே வேண்டாம். இந்த வண்டியின் அதிர்வில் அவற்றின் திருகாணிகள் தளரும், ஈரத்தில் பிடிப்பைப் பொறுத்தவரை அலுமினியம் இரும்பைவிட மேலில்லை. உப்புத்தாள்போல் சொரசொரப்பான டேப் உலர்ந்த காலத்தில் நன்றாகப் பிடிக்கும், மழையில் ஓரம் உரிந்துவிடும்.

ஆக்சிலேட்டரின் கதை வேறு. அங்கே பாதம் வழுக்குவதைவிடக் குதிப்பதே தொல்லை. குண்டும் குழியுமான பாதையில் வண்டி துள்ள, கால் துள்ள, எஞ்சினும் விட்டுவிட்டு உறுமும். இரண்டாம் உலகப்போர்க் கால வில்லிஸ் எம்பி வண்டியில் இதற்காகவே ஆக்சிலேட்டரை ஒட்டி ஒரு சிறு கால்தாங்கி வைத்திருந்தார்கள். பட்டை இரும்பை வளைத்து அதுபோல ஒன்றை என் வண்டியின் தரையில் போல்ட் போட்டுப் பொருத்தியிருக்கிறேன்; பாதத்தின் வலப்பக்கம் அதில் சாய்ந்திருக்க, முன்பாதம் மட்டும் பெடலை அழுத்துகிறது. பொருத்தும்போது நீங்கள் போடும் ஆகப் பெரிய காலணியை அணிந்தே அளவெடுங்கள். பிரேக்குக்குப் போகும் கால் தாங்கியில் தட்டக்கூடாது, காலை எடுத்ததும் பெடல் ஸ்பிரிங்கின் இழுப்பில் தானே முழுவதும் மேலே வர வேண்டும்.