உப்புத் தண்ணி வீட்டுக் குளியலறை: மே மாதக் குறிப்புகள்

மே 3, 2025, சனி

குளியலறையை இந்த மாதம் அடியோடு சுத்தம் செய்துவிடுவது என்று இறங்கியிருக்கிறேன். வாரா வாரம் கழுவத்தான் செய்கிறோம். ஆனால் பினாயிலுக்கும் பிரஷ்ஷுக்கும் மசியாதவை வருடக் கணக்கில் சேர்ந்துவிட்டன. குழாயைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு, சுவரில் இடுப்பு உயரம் வரை மங்கல், ஷவரில் பாதித் துளை அடைப்பு, கீசருக்குப் பின்னால் கறுப்புப் புள்ளிகள், தரையில் வழுக்கல். இதில் வழுக்கல்தான் என்னைத் தூங்கவிடாதது. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலை மட்டும் விடமாட்டார்.

கோவைக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. இங்கே பல வீடுகளில் இரண்டு தண்ணீர். சிறுவாணியோ பில்லூரோ, கார்ப்பரேஷன் குழாயில் வருவது நல்ல தண்ணி, குடிக்க, சமைக்க. போர் தண்ணீர் உப்புத் தண்ணி, மற்ற எல்லாவற்றுக்கும். ஆர்.ஓ. சர்வீஸுக்கு வந்த தம்பி எங்கள் போர் தண்ணீரில் மீட்டரை வைத்தபோது டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பு, லிட்டருக்கு 1,400 மில்லிகிராமைத் தாண்டியது. குடிநீருக்கான இந்தியத் தரம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது என்கிறது. வேறு வழி இல்லாத ஊரில் 2,000 வரை விடுகிறது. கடினத்தன்மைக்கு, அதாவது சுண்ணாம்புச் சத்துக்கு, தனியாக 200, 600 என்று எல்லைகள். மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், அதில் சுண்ணாம்பு எவ்வளவு என்று காட்டாது. அதைத் தெரிந்துகொள்ள சோப்பு போதும். எவ்வளவு தேய்த்தாலும் நுரை வராது.

இன்று எதையும் கழுவவில்லை. ஒவ்வொரு கறையும் என்னவென்று பார்த்தேன். குழாய் அடியில் இருந்த பொருக்கை நகத்தால் பெயர்த்து ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டேன். பொடிப்பொடியாக நுரைத்தது. அது சுண்ணாம்பு உப்பு. சுவரில் இருந்த மங்கலில் விட்டபோது ஒன்றுமே நடக்கவில்லை, விரலில் மெழுகு மாதிரி ஒட்டியது. அது வேறு சரக்கு.

மே 4, ஞாயிறு

ஹார்டுவேர் கடையில் நான் கேட்பதற்கு முன்பே பதில் வந்துவிட்டது: "ஆசிட் ஊத்துங்ணா, பளிச்சுனு ஆயிரும்."

பளிச்சென்று ஆகும், அதில் பொய்யில்லை. அந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் உப்பைக் கரைக்கும், கூடவே டைல்ஸ் ஜாயின்டில் இருக்கும் சிமென்டையும் கரைக்கும். ஆவி பட்டாலே எவர்சில்வர் கறுக்கும், குழாயின் குரோம் பூச்சு உரியும். ஜாயின்ட் அரித்துப் போனால் தண்ணீர் உள்ளே இறங்கி, அடுத்த வீட்டுச் சுவரில் ஓதம் காட்டும். எங்கள் தெருவில் அப்படி ஒரு பஞ்சாயத்தே நடந்திருக்கிறது.

இதைவிட எனக்குப் பொறுக்காதது வேறு. இந்த ஆசிட் பாட்டிலைப் பெரும்பாலான வீடுகளில் கையில் பிடிப்பது வேலைக்கு வரும் அக்காக்கள்தான். ஜன்னல் திறக்காத நாலடி அறைக்குள் கையுறைகூட இல்லாமல். 2013-ல் ஆசிட் கடை விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்தது ஆசிட் வீச்சு வழக்கில். வாங்குபவரின் விவரம் எழுதி, அடையாள அட்டை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். இருந்தும் தெருவில் சைக்கிளில் வைத்துக் கூவி விற்பதைக் கேட்கிறோம்.

மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், அரைக் கிலோ வாங்கினேன். சலவை சோடா ஒரு பாக்கெட். ரப்பர் கையுறை, பழைய டூத் பிரஷ்கள். போதும்.

மே 10, சனி

முதலில் பிசுக்கு, அப்புறம்தான் உப்பு. இந்த வரிசை மாறினால் புளிப்புத் தண்ணீர் பிசுக்கின் மேலேயே வழிந்து ஓடிவிடும், அடியில் இருக்கும் உப்பைத் தொடாது.

சுவரில் மெழுகு மாதிரி ஒட்டியது சோப்புதான். உப்புத் தண்ணியில் இருக்கும் கால்சியம் சோப்புடன் சேர்ந்தால் தண்ணீரில் கரையாத ஒரு பொருளாகிவிடுகிறது. நுரையாக வேண்டியது இப்படிச் சுவரில் போய் ஒட்டுகிறது. அதன் மேல் அம்மாவின் நல்லெண்ணெய், சீயக்காய்த் தூள்.

கொதிக்கக் காய்ச்சிய தண்ணீரில் சலவை சோடாவும் பாத்திரம் கழுவும் லிக்விடும் கலந்து சுவரில் பூசிவிட்டு இருபது நிமிடம் விட்டேன். அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இதென்ன கண்ணு பெரிய வித்தை? எண்ணெய்ச் சட்டிக்குச் சாம்பல், செம்புக் குடத்துக்குப் புளி. நாங்க அப்படித்தான தேய்ச்சோம்" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். பிசுக்குக்குக் காரம், உப்புக்குப் புளிப்பு. சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டி நுரை பொங்குவதைக் காட்டும் வீடியோக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆதங்கம்தான். இரண்டும் ஒன்றை ஒன்று முறித்துவிடும்; மிஞ்சுவது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். தனித்தனியாக, வேறு வேறு நேரத்தில் போட்டால் இரண்டுமே நல்ல சாமான்கள்.

தேய்க்க அம்மா கொடுத்த தேங்காய் நாரையே வைத்துக்கொண்டேன். கம்பி நார் டைல்ஸில் கீறல் போடும், அந்தக் கீறலில் அழுக்கு குடியேறும். தரைக்கு மட்டும் கூடுதலாக ஒரு தடவை. வழுக்கல் அநேகமாக இதிலேயே போய்விட்டது.

மாலையில் நானி ட்ராப், அதாவது தரைத் தண்ணீர் சாக்கடைக்கு இறங்கும் வாய். மூடியைக் கழற்றினால் முடியும் எண்ணெயும் சீயக்காயும் திரண்டு ஒரு கொத்தாக வந்தது. உள்ளே கவிழ்த்து வைத்த கிண்ணம் ஒன்று இருக்கும். அடைக்கிறது என்று சிலர் அதை எடுத்து எறிந்துவிடுகிறார்கள். அந்தக் கிண்ணத்தைச் சுற்றித் தேங்கும் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தையும் கரப்பானையும் தடுக்கிறது. கழுவி அதே இடத்தில் வைத்தேன்.

மே 11, ஞாயிறு

உப்புக்கான நாள். ஒரு லிட்டர் வெந்நீருக்கு எலுமிச்சை உப்பு மூன்று மேசைக்கரண்டி.

ஊற்றுவதற்கு முன் செய்ய வேண்டியவை இரண்டு. சுவரையும் தரையையும் பச்சைத் தண்ணீரால் நன்றாக நனைத்தேன். ஜாயின்ட் சிமென்ட் தண்ணீரைக் குடித்து நிறைந்துவிட்டால் புளிப்பைக் குறைவாகத்தான் உறிஞ்சும். அடுத்து, எண்ணெய்க் கிண்ணம் வைக்கும் கடப்பாக் கல் தட்டை பிளாஸ்டிக் தாளால் மூடினேன். கடப்பாவும் மார்பிளும் சுண்ணாம்பு வகைக் கற்கள். எலுமிச்சை உப்புக்குக் குழாய்ப் பொருக்குக்கும் கடப்பாவுக்கும் வித்தியாசம் தெரியாது. பழைய வீட்டு அடுக்களை மேடையில் எலுமிச்சம்பழ மூடி வைத்த இடமெல்லாம் வெளிறிப்போய் வட்டம் விழுந்திருக்குமே, அது இதனால்தான்.

குழாய்களுக்குப் பழைய பனியன் துணியை முக்கிச் சுற்றினேன். ஷவரைக் கழற்ற வரவில்லை. பிளாஸ்டிக் பையில் கரைசலை ஊற்றி ஷவர் தலை முங்கும்படி ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினேன். அரை மணி நேரம் கழித்துப் பையை அவிழ்த்தால் அடியில் வெள்ளை மணல் போல உப்புத் தூள். அடைத்திருந்த ரப்பர் துளைகளைப் பெருவிரலால் நெருடியதும் உள்ளிருந்து சிறு சிறு குச்சியாக உப்பு வெளியே வந்தது. எத்தனை நாள் அந்தத் துளைகளை ஊசியால் குத்தியிருப்போம்!

குழாய் அடிப் பொருக்கு மட்டும் ஒரே தடவையில் போகவில்லை. மறுபடி துணி, மறுபடி காத்திருப்பு. கத்தியை எடுக்கக் கை பரபரத்தது, எடுக்கவில்லை. சாயங்காலம் ஐஸ்கிரீம் குச்சியால் தள்ளியபோது ஓடாகப் பெயர்ந்தது.

டாய்லெட்டுக்கு ஹார்ப்பிக். அதிலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான், சுமார் 10 சதவீதம், ஆனால் கெட்டியாக இருப்பதால் நின்று வேலை செய்கிறது. ஃப்ளஷ் தொட்டிக்குத் தண்ணீர் விடும் ஆங்கிள் காக் குழாயை மூடி, ஃப்ளஷ் செய்து, உள்ளே நிற்கும் தண்ணீரைப் பிரஷ்ஷால் தள்ளி வெளியேற்றிவிட்டு ஊற்றினால்தான் தண்ணீர் மட்டத்தில் இருக்கும் வளையம் போகிறது. நிற்கும் தண்ணீரிலேயே ஊற்றுவது பாதியை வீணடிப்பது.

கடைசியில் வாளி வாளியாகத் தண்ணீர் விட்டு அலசினேன்.

மே 17, சனி

கறுப்புப் பூசணத்துக்கு பிளீச்சிங் பவுடர். நேற்றோ போன ஞாயிற்றுக்கிழமையோ ஏன் செய்யவில்லை என்று மனைவி கேட்டாள். போன ஞாயிறு அங்கே அமிலம் இருந்தது. அமிலமும் பிளீச்சும் சந்தித்தால் குளோரின் வாயு வரும். முதல் உலகப் போரில், 1915-ல், பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் ஜெர்மன் படை திறந்துவிட்ட அதே வாயு. ஹார்ப்பிக்கோ எலுமிச்சை உப்போ ஆசிட்டோ, எதற்கும் இந்த விதி மாறாது. "ரெண்டையும் கலந்து போட்டா இன்னும் சுத்தமாகும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கழுவ வருபவர்களிடமும் சொல்லி வையுங்கள், முடிந்தால் இரண்டு பாட்டிலையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.

கதவு, ஜன்னல், எக்ஸாஸ்ட் ஃபேன் எல்லாம் திறந்து ஓடவிட்டு, கீசர் சுவிட்சை அணைத்துவிட்டு, பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்துத் தெளிவை மட்டும் எடுத்துத் துணியால் ஒற்றினேன். பத்து நிமிடத்தில் புள்ளிகள் வெளிறின. வாஷ்பேசின் ஓரத்து சிலிக்கானுக்குள் இறங்கிய கறுப்பு மட்டும் போகவில்லை. அதை அறுத்தெடுத்துப் புதிதாகப் போடுவதுதான் வழி.

எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கையில் ஒட்டடை அடையாக அப்பியிருந்தது. துடைத்தபின் அதன் சத்தமே மாறிவிட்டது. இனி குளித்து முடித்தும் கால் மணி நேரம் ஓட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஈரம் நின்றால் பூசணம் திரும்ப வரும்.

மே 25, ஞாயிறு

ஜூன் 1-ஐ ஒட்டித் தொடங்க வேண்டிய பருவமழை நேற்றே கேரளத்தில் தொடங்கிவிட்டது. இங்கே காலையிலிருந்து விடாத மழை. ஜாயின்ட் உதிர்ந்த இடங்களில் கிரவுட் அடைக்க இன்றைக்கு நாள் குறித்திருந்தேன். சுவர் காயாமல் அடைத்தால் பிடிக்காது, ஒத்திவைத்தாயிற்று. கிடைத்த நேரத்தில் சிலிக்கானை மட்டும் அறுத்தெடுத்தேன்.

சுத்தம் செய்து இரண்டு வாரத்தில் குழாய்கள் எப்படி இருக்கின்றன என்று பார்த்தேன். துடைக்கும் குழாயில் ஒன்றுமில்லை. யாரும் துடைக்காத, வாளிக்கு மேலே இருக்கும் குழாயில் வெள்ளைத் திட்டு தொடங்கிவிட்டது. தண்ணீர் காய்ந்தால்தானே உப்பு தங்கும். காயும் முன் துடைத்துவிட்டால் உப்புக்கு இடமில்லை. சுவருக்கு ஒரு கை வைப்பர் வாங்கி மாட்டியிருக்கிறேன். குளித்தவர் வழித்துவிட்டு வர வேண்டும். அம்மா குனிய வேண்டாம் என்பதால் அவருக்குப் பின் அது என் வேலை.

கீசர் மிச்சம். உள்ளே காயிலில் எவ்வளவு உப்பு ஏறியிருக்கிறதோ, தண்ணீர் சூடாக முன்பைவிட நேரமாகிறது. அதைத் திறப்பது பிளம்பர் வேலை. மழை விட்டதும் வரச் சொல்லியிருக்கிறேன், தொட்டி துருப்பிடிக்காமல் காக்கும் ஆனோடு ராடையும் மாற்றச் சொல்ல வேண்டும்.