உரைகல்லில் இரண்டு கோடுகள்

பொன்னை உரைகல்லில் உரசி இழுத்த ஒற்றைக் கோட்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மாற்று, அதாவது பொன்னின் தூய்மை அளவு, தெரிந்த உரையாணியால் (ஒப்பிடுவதற்கென்று வைத்திருக்கும் பொன் முனை ஆணி) பக்கத்திலேயே இன்னொரு கோடு இழுத்த பிறகுதான் அது பேசும். நகை மதிப்பீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் மனத்தில் வாங்க வேண்டியது இது: கல் ‘எத்தனை காரட்’ என்று சொல்வதில்லை, ‘எதைப் போல’ என்றுதான் சொல்கிறது.

மேல்பூச்சை நம்பக் கூடாது. கண்ணில் படாத ஓரத்தை அரத்தால் லேசாகத் தேய்த்து, உள்ளிருக்கும் உலோகத்தை உரைக்க வேண்டும். பற்றவைத்த இடத்தில் உரைத்தால் மாற்று குறைத்துக் காட்டும். கோடு 2 செ.மீ. நீளம், 3 மி.மீ. அகலம் இருந்தால் போதும். ஆனால் கல்லின் கறுப்பு தெரியாதபடி நிறைவாக விழ வேண்டும். ஆணிக் கோடும் அதே கனத்தில் இருக்க வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான். மெல்லிய கோடு அமிலத்தில் சீக்கிரம் கரையும். நல்ல பொன்னுக்கும் கெட்ட பெயர் வரும். கண்ணாடிக் குச்சியால் இரண்டு கோடுகளுக்கும் குறுக்கே ஒரே இழுப்பில் அமிலம் தடவி, எது முன்னே கரைகிறது என்று பார்க்க வேண்டும். வீரியம் போன பழைய அமிலம் மட்டமான பொன்னையும் தேற்றிவிடும்.

ஆணியைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். செம்பு சேர்ந்த 22 காரட் சிவந்து தெரியும், வெள்ளி சேர்ந்தது வெளிறித் தெரியும். மாற்று ஒன்றானாலும் நிறம் வேறு. அதே கலவையில் செய்த ஆணியோடு, பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுவதே சரி. அப்படியும் 916-க்கும் 900-க்கும் (ஆயிரம் பங்கில் பொன்னின் பங்கு) உள்ள வித்தியாசத்தைக் கல்லில் அடித்துச் சொல்வது கடினம். சங்க காலத்திலேயே பொன் நோட்டம் பார்ப்பவருக்கு வண்ணக்கன் என்று தனிப்பெயர் இருந்ததில் வியப்பில்லை.

சந்தேகம் தீராவிட்டால் நீரில் நிறுக்கலாம். கல் பதிக்காத, உட்கூடு இல்லாத 10 கிராம் 22 காரட் நகை, நீரில் தொங்கும்போது 0.55 முதல் 0.57 கிராம் வரை எடை குறையும். தங்கக் கட்டியில் இதையும் முழுதாக நம்ப முடியாது, உள்ளே டங்ஸ்டன் என்ற உலோகத்தை ஒளித்திருக்கலாம். சுத்தத் தங்கத்தின் அடர்த்தி 19.3, டங்ஸ்டனுடையது 19.25; நீருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். எக்ஸ்ரே கருவியோ மேலே சில மைக்ரான் ஆழம்தான் பார்க்கும், கனமான முலாம் அதை ஏமாற்றிவிடும்.

வழக்கு என்று வந்துவிட்டால் துண்டு வெட்டித்தான் ஆக வேண்டும். வெள்ளி சேர்த்து, ஈயத்தகட்டில் சுற்றிப் புடமிட்டு, நைட்ரிக் அமிலத்தில் வெள்ளியைப் பிரித்தபின் மிஞ்சும் பொன்னை நிறுப்பார்கள். அங்கும் மாற்று தெரிந்த பொன் ஒன்று கூடவே உலைக்குள் போகும்.