ஆயில் மாற்றினால் சத்தம் குறைகிறது, தேய்மானம்?

என்னிடம் இருப்பது 150 சிசி, ஏர் கூல்டு, ஒற்றை சிலிண்டர் பைக். கம்பெனி கையேட்டில் போட்டிருக்கும் ஆயில் 10டபிள்யூ-30 (முதல் எண் குளிரிலும், இரண்டாம் எண் சூட்டிலும் ஆயிலின் கெட்டித்தன்மையைக் காட்டும்; எண் கூடினால் கெட்டியும் கூடும்). "20டபிள்யூ-50 ஊற்றிப் பாருங்கள், டேப்பட் சத்தமே இருக்காது" என்று பலர் சொல்வார்கள். சத்தம் குறைந்தால் தேய்மானமும் குறையுமா என்பதைத்தான் எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

முதலில் டேப்பட்டை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவே விடும் இடைவெளியை, சரிசெய்தேன். அது சரியில்லாமல் ஆயிலை ஒப்பிடுவது வீண் வேலை. எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், பிஸ்டன் கம்ப்ரஷன் முடிந்து உச்சியில் நிற்க வேண்டும். என் வண்டிக்கு இந்த இடைவெளி இன்லெட் வால்வில் 0.08 மி.மீ., எக்ஸாஸ்ட் வால்வில் 0.12 மி.மீ. ஃபீலர் கேஜ் தகடு உள்ளே போகணும், இழுக்கும்போது லேசாகப் பிடிக்கணும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே கொஞ்சம் திரும்பிவிடும். அதனால் இறுக்கிய பிறகு மறுபடியும் அளந்தே தீர வேண்டும். இதை முடித்ததும், பழைய ஆயிலிலேயே பாதி 'டக் டக்' போய்விட்டது!

அப்புறம் 20டபிள்யூ-50 மினரல். போனை ஒரே இடத்தில் வைத்து, ஒரே ஐடிலிங் வேகத்தில், ஆறிய எஞ்சினிலும் சூடான எஞ்சினிலும் ஒலிப்பதிவு செய்தேன். சூடான பிறகு சத்தம் நிஜமாகவே அடங்கியிருந்தது. உலோகங்களுக்கு நடுவே படலம் தடிப்பாக நிற்பதால் தட்டும் அதிர்வை அது வாங்கிக்கொள்கிறது. ஆனால் ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் தலைப்பகுதியிலிருந்து வரும் கிறீச்சொலி அடங்க முன்பைவிட நேரம் பிடித்தது. 100 டிகிரியில் 30 கிரேடு (பெயரின் இரண்டாம் எண்) ஆயிலின் பிசுக்கு, அதாவது கெட்டித்தன்மை, 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள், 50 கிரேடுக்கு 16.3 முதல் 21.9-க்குள். ஆறிய நிலையில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. கெட்டியான ஆயில், மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் வரை ஏறத் தாமதமாகும். அதோடு, தேய்மானத்தைத் தடுக்கச் சேர்க்கும் துத்தநாக-பாஸ்பரஸ் கலவை பாதுகாப்புப் படலமாகப் படியவும் சூடும் அழுத்தமும் வேண்டும். சிறு சிறு தூரம் ஓட்டி நிறுத்துகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

அடுத்து 10டபிள்யூ-30 ஃபுல்லி சிந்தடிக். ஸ்டார்ட் ஆனதும் உடனே அமைதி, பிக்கப்பும் லேசாக இருந்தது. சூடேறியதும் டைமிங் செயின் பக்கம் சத்தம் கொஞ்சம் கூடியது. காதை மட்டும் நம்பினால் இந்த ஆயிலை இறக்கிவிடத்தான் தோன்றும்.

இரண்டு ஆயிலிலும் டிரெயின் செய்தபோது, வடியும் ஓட்டத்தின் நடுவிலிருந்து மாதிரி பிடித்து லேபுக்கு அனுப்பினேன். எஞ்சின் பாகங்கள் தேய்ந்தால் ஆயிலில் இரும்பு ஏறும். ஓடிய தூரத்தோடு சேர்த்துப் பார்த்தால் இரும்பு அளவில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. சத்தம் எழுப்பிய ஆயில் எஞ்சினைத் தின்றுவிடவில்லை. இந்தச் சோதனையில் மிக நுண்ணிய துகள்கள்தான் தெரியும் என்பதால் டிரெயின் போல்ட்டின் காந்தத்தையும் துடைத்துப் பார்த்தேன். வழக்கமான சாம்பல் நிறப் பசை மட்டுமே, விரலில் நெருடும் சில்லு ஒன்றும் இல்லை. சிலிக்கானையும் பார்க்க மறக்காதீர்கள். அதுவும் இரும்பும் சேர்ந்து ஏறினால், ஆயிலைவிட ஏர் ஃபில்டர் வழியாக நுழையும் தூசியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ரிப்போர்ட்டில் என்னை உட்கார வைத்தது வேறொன்று. 20டபிள்யூ-50-ன் பிசுக்கு 16.3-க்குக் கீழே இறங்கி, 40 கிரேடாகவே வந்திருந்தது. பைக்கில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில். சூட்டிலும் பிசுக்கைத் தாங்கிப்பிடிக்கச் சேர்க்கும் நீள்சங்கிலி பாலிமர்களைக் கியர் பற்கள் நறுக்கிவிடுகின்றன. டிரெயின் நெருங்கும்போது சத்தம் திரும்பி வந்ததும், கியர் விழ முரண்டு பிடித்ததும் அதனால்தான் என்று நினைக்கிறேன். சத்தம் பிசுக்கோடு கூடவே போனது, தேய்மானம் அப்படிப் போகவில்லை.

எதை ஊற்றினாலும் கேனில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (பைக் கிளட்சுக்கு ஏற்ற ஆயில் என்று காட்டும் ஜப்பானியத் தரக் குறியீடு) இருக்கிறதா என்று பார்த்தே வாங்குகிறேன். கிளட்ச் அதே ஆயிலில் மூழ்கி ஓடுவதால், உராய்வைக் குறைக்கும் பொருள் அதிகமுள்ள கார் ஆயிலில் ஸ்லிப் ஆக வாய்ப்புண்டு.

இப்போது ஓடுவது 10டபிள்யூ-40, எம்ஏ2. இந்த முறை டிரெயின் வரை காத்திருக்காமல் பாதி தூரத்திலும் ஒரு மாதிரி எடுக்கப் போகிறேன், பிசுக்கு எப்போது சரியத் தொடங்குகிறது என்று பிடிக்க.