கால்லே ஜாடியா? கையெழுத்தைக் கடைசியில் பாருங்கள்

பிரெஞ்சுக் கண்ணாடிக் கலைஞர் எமில் கால்லே 1904 செப்டம்பரில் காலமானார். பிரான்சின் நான்சி நகரில் அவர் வைத்திருந்த தொழிற்சாலை அதன் பிறகும் ஓடியது. முதல் உலகப்போரில் நின்றுபோய், மருமகன் பால் பெர்திரிசே காலத்தில் மறுபடி சூடுபிடித்து, 1936இல் மூடப்பட்டது. இத்தனை வருடமும் வெளிவந்த ஜாடிகளில் ஒரே பெயர்தான்: கால்லே. ஆகவே கையெழுத்து நிஜமாகவே இருந்தாலும், அது எமில் தொட்ட ஜாடி என்று அர்த்தமில்லை. இன்று சந்தையில் புழங்குவதில் பெரும்பகுதி அவர் மறைவுக்குப் பின் தொழிலாளர்கள் அமிலத்தில் அரித்து எடுத்த சரக்கு. அதுவும் அசல்தான், நல்ல விலையும் போகும். ஆனால் அந்த விலை வேறு.

இந்த ஜாடிகளைக் கேமியோ கண்ணாடி என்பார்கள். செய்முறை தெரிந்துவிட்டால் பாதிச் சோதனை முடிந்த மாதிரி. ஒரு நிறக் கண்ணாடியின் மேல் இன்னொரு நிறம், சில சமயம் மூன்றாவது, நான்காவது என்று உருகிய நிலையிலேயே போர்த்தி ஊதுவார்கள். ஆறியதும், எந்தப் பூவும் இலையும் நிற்க வேண்டுமோ அதன் மேல் மட்டும் தார் போன்ற பிட்டுமன் பூசி, ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் முக்குவார்கள். பூசாத இடத்தை அமிலம் தின்றுவிடும். பூசிய இடம் புடைத்து நிற்கும். அத்தோடு நிறுத்தினால் வெட்டி ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரிதான் இருக்கும். நான்சியில் அத்தோடு நிறுத்தவில்லை. இலையின் ஒரு பகுதியை மறுபடி பூசி, மறுபடி முக்கினார்கள். இரண்டாம் முறை அரிபட்ட இடத்தில் மேல் நிறம் மெலிந்து, அடி நிறம் கசியத் தொடங்கும். இரண்டே அடுக்குள்ள ஜாடியிலும் நான்கு சாயல் தெரிவது இப்படித்தான்.

எனவே முதல் சோதனை வெளிச்சம். ஜாடிக்குள் சிறிய எல்இடி விளக்கை இறக்கி, அறையை இருட்டாக்கிப் பாருங்கள். ஒரே இதழில் அடர்த்தியும் வெளிறலும் மாறிமாறி வருகிறதா? இலை நரம்பு தனிப் படியாகத் தெரிகிறதா? அடுத்து 10 மடங்கு லென்ஸை எடுத்துப் பூவின் ஓரத்தைப் பாருங்கள். அசலில் படிக்கட்டு போல இரண்டு மூன்று மட்டங்கள் இறங்கும், விளிம்பு மெழுகு வழிந்த மாதிரி மழுங்கியிருக்கும். மணலை வீசி அரித்த நகலில் பூவுக்குப் பின்னுள்ள பரப்பு முழுக்கச் சர்க்கரை தூவியது போல ஒரே சீரான பொரி தெரியும், ஓரமும் செங்குத்தாக வெட்டி நிற்கும். நிறமே கண்ணாடியில் இல்லாமல் மேல்பூச்சாக இருக்கும் மலிவுச் சரக்கும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க லென்ஸ்கூட வேண்டாம், ஓரத்தில் நகத்தால் கீறினாலே போதும்.

சில அசல் ஜாடிகளின் மேற்பரப்பு பனி படர்ந்தது போல் இல்லாமல் பளபளக்கும். அரித்து முடித்த ஜாடியை மறுபடி சூட்டில் காட்டி எடுத்தது அது. அந்தப் பளபளப்பைப் பார்த்து நகல் என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

வரைந்த செடியையும் கவனியுங்கள். கால்லே தாவரவியலை முறையாகப் பயின்றவர். பட்டறைக்காரர்கள் வரைவதற்கென்றே பெரிய தோட்டம் வைத்திருந்தவர். அசலில் இலை எந்தக் கணுவில் முளைக்க வேண்டுமோ அங்கேதான் முளைக்கும். நகலில் பூ ஒரு செடியுடையதாகவும் இலை வேறொன்றாகவும் இருப்பது சகஜம். இதை வைத்தே தீர்ப்பு சொல்ல முடியாது என்றாலும், சந்தேகம் கிளப்ப இது போதும்.

பிறகு ஜாடியைக் கவிழ்த்துப் பாருங்கள். நூறு வருடம் மேசையிலும் அலமாரியிலும் நகர்ந்த ஜாடியின் அடியில், தரையைத் தொடும் வளையத்தில் மட்டும், பல திசைகளில் மெல்லிய கீறல்கள் இருக்கும். நடுவில் குழிந்த இடம் தரையைத் தொடாது, ஆகவே அங்கே தேய்மானம் இருக்கவே கூடாது. உப்புத்தாளால் தேய்த்துப் 'பழசாக்கிய' அடியில் கோடுகள் ஒரே திசையில் ஓடும், குழியிலும் கீறல் தெரியும். அடியின் நடுவில் ஓட்டை இருந்தால் யாரோ மின்விளக்குத் தண்டு ஆக்க அதைத் துளைத்திருக்கிறார்கள். எத்தனை அழகான ஜாடியானாலும் விலையில் பெரும்பகுதி அந்த ஓட்டை வழியே போய்விடும்.

இப்போது கையெழுத்து. கேமியோ ஜாடிகளில் பெரும்பாலும் அதுவும் பூக்களைப் போலவே அமிலத்தில் அரித்துப் புடைப்பாக, மேலடுக்கின் நிறத்திலேயே நிற்கும். எழுத்து வடிவம் காலத்துக்குக் காலம் மாறியது, செங்குத்தாக ஜப்பானியப் பாணியில் எழுதியதும் உண்டு. எமில் இறந்த பின் பெயருக்கு முன்னால் ஒரு சின்ன நட்சத்திரம் சேர்த்தார்கள். அந்த ஜாடிகளை 1904 முதல் 1906 வரை என்று கணக்கிடுவது வழக்கம். நகல் செய்பவர்களுக்கும் இது தெரியும். நட்சத்திரம் போடுவது அவர்களுக்கு ஒரு நொடி வேலை.

அதிகம் பேரை ஏமாற்றுவது ருமேனியச் சரக்கு. பெயருக்குப் பக்கத்தில் 'டிப்' என்று (டி, ஐ, பி மூன்றெழுத்து) இருக்கும். ருமேனிய மொழியில் அதற்கு 'வகை' என்று பொருள், அதாவது கால்லே பாணி. செய்தவர்கள் மறைக்கவில்லை, அவர்கள் மேல் குற்றமும் இல்லை. இடையில் யாரோ அந்த மூன்றெழுத்தை மட்டும் அரைத்து எடுத்துவிட்டு அசல் என்று விற்பதில்தான் வம்பு. பெயரைச் சுற்றி ஓர் அங்குலத்தை லென்ஸில் பாருங்கள். அரைத்த இடம் லேசாகக் குழிந்தோ, சுற்றியுள்ள பரப்பைவிட வழவழப்பாகவோ இருக்கும்.

பழுதுகளில் கண்ணுக்குச் சட்டென்று அகப்படாதது வாய் குறைத்த ஜாடி. விளிம்பு உடைந்தால் அந்த மட்டத்துக்கு அரைத்து மெருகேற்றிவிடுவார்கள். மெல்லிய நீண்ட கழுத்துள்ள ஜாடிகள் அடிக்கடி இதற்கு இரையாகும். கொடியின் நுனி வாயோரத்தில் பாதியில் அறுந்திருந்தால், உயரம் உருவத்துக்குப் பொருந்தாமல் குட்டையாக இருந்தால், சந்தேகப்படுங்கள். அதே வடிவத்தின் முழு உயரத்தை நான்சியிலுள்ள எகோல் த நான்சி அருங்காட்சியகத்தின் படங்களிலோ, அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியக இணையத் தொகுப்பிலோ தேடி ஒப்பிடலாம். பிசின் வைத்து அடைத்த சில்லு புற ஊதா டார்ச்சில் கண்ணாடியிலிருந்து வேறுபட்டு ஒளிரும். முடி விரிசல் பக்கவாட்டு வெளிச்சத்தில் வெள்ளி நூல் போல மின்னும். உள்ளே வெண்மையாகப் படிந்திருப்பது சுண்ணாம்பானால் வினிகரில் போகும். தண்ணீர் தேங்கிக் கண்ணாடியே அரித்துப்போன மங்கல் போகாது. அதை மறைக்க உள்ளே எண்ணெய் தடவுவதும் உண்டு. வெள்ளை டிஷ்யூவை உள்ளே விட்டுத் துடைத்துப் பார்த்துவிடுங்கள். காற்றுக் குமிழியை மட்டும் பழுதாக எண்ண வேண்டாம்.

விலை என்று வரும்போது முதலில் செய்முறையைப் பார்க்க வேண்டும். எமில் காலத்தில் சக்கரத்தில் கையால் செதுக்கியது உச்சியில். அச்சில் ஊதிப் பழமும் பூவும் உப்பி வரச்செய்த 1920களின் ஜாடிகள் தனி ரகம்; உள்ளே விரல் விட்டால் பழத்தின் முதுகுப்பக்கக் குழி தட்டுப்படும். யானைகள் வரிசையாக வரும் ஜாடி அந்த ரகத்தில் பேர்போனது. அதற்கு வெகு கீழே, இரண்டடுக்கு அமில வேலை. அதற்குள் அடுக்கு எண்ணிக்கை, உயரம், பழுதின்மை. கடைசியில்தான் நிறமும் பூவும். 15 செ.மீ. ஜாடிக்கு 35 செ.மீ. ஜாடியின் ஏல விலையைச் சொல்லி மதிப்பிடுவது வீண்.

ஒப்பிட எடுக்கும் விலை விற்று முடிந்த விலையாக இருக்கட்டும். இணையத்தில் கேட்கும் விலையை எவரும் கேட்கலாம். ஏலத்தில் சுத்தியல் 2,000 யூரோவில் விழுந்தால், 25 சதவீதக் கமிஷன் சேர்த்து வாங்குபவர் 2,500 கொடுப்பார். விற்பவரிடம் 15 சதவீதம் பிடித்தால் அவர் கைக்கு 1,700தான் வரும். காப்பீட்டுக்கு எழுதும் மதிப்போ கடையில் மறுபடி வாங்க ஆகும் தொகை, இன்னும் மேலே இருக்கும். ஒரே ஜாடிக்கு இத்தனை எண்கள். "மதிப்பு எவ்வளவு?" என்று கேட்பவர் எதைக் கேட்கிறார் என்று முதலில் தெரிய வேண்டும்.

படம் பார்த்து மட்டும் வாங்குவதென்றால், உள்ளே விளக்கு வைத்த படம், அடிப்பக்கம், வாயை மேலிருந்து எடுத்தது, கையெழுத்தும் சுற்றுப்புறமும் நெருக்கமாக, இவை நான்கையும் கேளுங்கள். எழுத்தில் பழுது அறிக்கையும் கேளுங்கள். அனுப்ப இழுத்தடித்தால் விட்டுவிடலாம். சாதாரண இரண்டடுக்கு கால்லே ஜாடி ஐரோப்பிய ஏலங்களில் அடிக்கடி வந்துகொண்டேதான் இருக்கிறது.