கொள்ளுகுடிப்பட்டி: வெடிச் சத்தம் கேட்காத ஊர்

செட்டிநாட்டுக்கு வருகிறவர்கள் அரண்மனை வீடுகளைப் பார்த்து, ஆத்தங்குடிக் கல்லுக்கு விலை கேட்டு, பிள்ளையார்பட்டியில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். திருப்பத்தூர் (சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர்!) பக்கம் கொள்ளுகுடிப்பட்டிக்கும் வண்டியைத் திருப்புங்கள்.

கண்மாய்க் கரையில் ஏறியதும் முதலில் வருவது வாடைதான். நாட்டுக் கருவேல மரமெல்லாம் எச்சத்தில் வெளுத்துக் கிடக்கிறது, கிளைக்குக் கிளை கூடு. தண்ணீர் ஓரத்தில் ஒரு நத்தைகுத்தி நாரை. அலகை மூடினாலும் நடுவில் சந்து தெரிகிறது. நத்தையைத் தரையோடு அழுத்தி, கீழலகின் நுனியை உள்ளே விட்டு, சதையை மட்டும் உருவிக்கொண்டது. அது போட்டுவிட்டுப் போன ஓட்டை எடுத்துப் பார்த்தேன். முழுசாக இருந்தது.

கரையில் ஆடு மேய்த்த ஆத்தாவிடம், "தீபாவளிக்கு வெடியே கிடையாதாமே ஆத்தா?" என்றேன்.

"தீபாவளி என்ன தம்பி, கல்யாணம் காட்சிக்கும் கெடையாது. குஞ்சு கெடக்கையில வெடியப் போட்டா தாய்ப்பறவ எந்திரிச்சுப் போயிராதா? எங்க மாமியா காலத்துலயே இப்படித்தான்."

இந்தக் கண்மாயையும் சேர்த்து வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் என்று அரசு அறிவித்தது 1977-ல். மொத்தமே 38.4 ஹெக்டேர்தான். வனத்துறை தீபாவளிக்கு ஊராருக்கு இனிப்பு கொடுக்கிறது. ஒரு சிறுவனுக்கு மத்தாப்புக்கு இனிப்பு ஈடாகுமா, தெரியவில்லை. எச்சம் கரைந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பதில் மட்டும் ஆத்தாவுக்குச் சந்தேகமே இல்லை.

நாகாலாந்தின் பாங்தி கிராமம் நினைவுக்கு வந்தது. தோயாங் நீர்த்தேக்கத்தில் வந்து தங்கும் அமுர் வல்லூறுகளை லோதா நாகர்கள் மீன் வலை கட்டிப் பிடித்து விற்றார்கள். 2012-ல் அது வெளியுலகுக்குத் தெரிந்து பெரிய அதிர்ச்சியானது. கிராம சபையும் தேவாலயமும் வனத்துறையும் தொண்டு அமைப்புகளும் கைகோத்தன. 2013-ல் வேட்டை நின்றது. அந்த ஆண்டு செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பறக்கவிட்ட ஒரு வல்லூறுக்கு 'பாங்தி' என்றே பெயர் வைத்தார்கள். அங்கே விட்டுக்கொடுத்தது வருமானத்தை. என் கணக்கில் அது பட்டாசைவிடப் பெரிய விஷயம்.

கொள்ளுகுடிப்பட்டியின் சிக்கல் வேறு. ஊர் எவ்வளவு கட்டுப்பாடாக இருந்தாலும் மழை பொய்த்துக் கண்மாய் வறண்டால் நாரை இறங்காது. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்தாலும் அதே கதிதான். பட்டாசு பற்றி வருஷா வருஷம் செய்தி போடுகிறவர்கள் வரத்துக்காலையும் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.

போகிறவர்கள் நவம்பருக்குமேல், கண்மாயில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். காலையிலேயே போய்விடுவது நல்லது. மரத்தடியில் மட்டும் வண்டியை நிறுத்தாதீர்கள்.